மலை அளந்த தூரம்

மெக்கானிக் தௌஹீத் பாயின் ஷெட்டில் ரேவதி முதலில் சோதித்தது மூலையில் கிடந்த கோணியைத்தான். அவள் காரிலிருந்து கழற்றிய பழைய கியர்பாக்ஸ் அதற்குள் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து, இரும்பில் பொறித்திருந்த எண்ணைத் தன் கைச்சீட்டோடு ஒப்பிட்டாள். பொருந்தியது. பொருந்தியும் ஐயம் அகலவில்லை. அது வேறிடம் தாவிற்று.

அவளுடைய தந்தை தம் நடுவயதில் ஆசைப்பட்டு வாங்கிய அமெரிக்கக் கார் அது. காளையின் மார்பு போல் முன்புறம் விரிந்தது, கர்ச்சனைக்குப் பெயர்போனது. மைல் காட்டிய மீட்டரை அவரே கிலோமீட்டருக்கு மாற்றி வைத்திருந்தார். அவருக்குப்பின் ரேவதிதான் அதை ஓட்டினாள். பதினோர் ஆண்டுகள் ஒரு பௌர்ணமியும் தவறாமல் மலையை நடந்து வலம் வந்தவளும் அவளே. மாசியில் இடது முழங்காலில் அறுவை நடந்தது. நடையும் நின்றது, அந்தக் காரின் கல்லான கிளட்சை மிதிக்கும் வலிமையும் போயிற்று. காலால் இயலாத வலத்தைக் காரிலாவது செய்வோம் என்றுதான், கிளட்சே வேண்டாத தானியங்கி கியர்பாக்ஸைப் பொருத்தத் துணிந்தாள். சென்னையில் உடைப்புக்கு வந்த ஒரு பிக்கப் வண்டியிலிருந்து அதை வாங்கி வந்து, இரண்டு மாதம் உழைத்துப் பொருத்தியவர் தௌஹீத்.

தந்தையின் வண்டியைத் தக்கவரிடம்தான் விட்டோமா என்ற கேள்வியைத் தம்பி எழில் நேற்று விதைத்திருந்தான்.

"கீழ்பென்னாத்தூர்ல பழைய வண்டி சேக்கற ஆளு ஒருத்தரு இருக்காருக்கா. இந்த மாதிரி கார் எங்கனா இருக்குதானு போன வாரம் விசாரிச்சிக்கினு இருந்தாராம். நம்ம வண்டிய யாருனா கொண்டுபோய் காட்டாம இருந்தா சரி."

இப்போது ரேவதி கதவைத் திறந்து மீட்டரைப் பார்த்தாள். வண்டியை விட்ட நாளில் 31,406. இன்று 31,546.

"எவ்ளோ தூரம் ஓட்டிப் பாத்தீங்க, பாய்?"

"ஏழு சுத்துக்கா." தௌஹீத் சுவரைக் காட்டினார். சாக்பீஸால் கிழித்த ஏழு கோடுகள் இருந்தன. "மலைய சோத்துக்கை பக்கம் வச்சு ஏழு சுத்து. ஒண்ணுகூட மாத்தி ஓட்டல. அதுக்குமேல வண்டி ஷெட்ட வுட்டு நவுரல."

அடியும் முடியும் தேவர்க்கும் எட்டாத மலை அது. ஆயினும் அதைச் சுற்றி வரும் வழி பதினான்கு கிலோமீட்டர் என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். கியர்பாக்ஸோ பிரேக்கோ, எதைப் பிரித்துப் பூட்டினாலும் தௌஹீத் வலப்பாதையில்தான் ஓட்டிப் பார்ப்பார். புறப்பட்ட இடத்துக்கே வண்டி வந்து சேரும். தூரத்தில் தகராறு இல்லை.

ஏழு பதினான்கு தொண்ணூற்றெட்டு. மீட்டரில் ஏறியிருந்ததோ நூற்று நாற்பது. எஞ்சிய நாற்பத்திரண்டு எங்கே போய் வந்தது? கீழ்பென்னாத்தூருக்குப் போய்த் திரும்பினால் ஏறத்தாழ அவ்வளவுதான் வரும்.

"மீட்டர் எவ்ளோ காட்டுதுனு பாத்தீங்களா?"

"நான் எங்கக்கா மீட்டர பாக்கறேன்? சுத்துதான் எண்ணுவேன்." அவர் குனிந்து ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நேர்நின்று சொல்லாத அந்த விடை ரேவதிக்கு மழுப்பலாகவே பட்டது. சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

எழில் வாசலிலேயே கைபேசியைத் திறந்திருந்தான். ஊரில் பழைய வண்டி வைத்திருப்போரின் குழுவில் போட ஒரு செய்தியைத் தட்டி வைத்திருந்தான்: 'தௌஹீத் ஷெட்டில் வண்டி விடுபவர்கள் மீட்டரை எழுதி வைத்துக்கொள்ளவும்.'

"போடட்டாக்கா?"

"போடு" என்றாள் ரேவதி.

முதல் ஓட்டம் மலையைச் சுற்றித்தான் என்று நேர்ந்துகொண்டிருந்ததால் வலப்பாதையில் திருப்பினாள். இடக்கால் வேலையற்று ஓய்ந்திருந்தது. கியர்கள் தாமாகவே மாறின. எமலிங்கச் சன்னதி கடந்து சாலை விரிந்ததும் காரின் முழக்கம் திடீரெனத் தணிந்தது.

"எஞ்சினையும் மாத்திட்டானோ? அப்பா வண்டி சத்தமே இல்லயே!"

"அது ஓவர்டிரைவுக்கா. பாய்தான் சொன்னாரே, நாலாவது கியர்ல எஞ்சின் மெதுவா சுத்தும், சக்கரம் வேகமா ஓடும்னு."

"எல்லாத்துக்கும் ஒரு பேரு வச்சிருக்கான்" என்றாள் அவள்.

வேகமுள் எழுபதைத் தொட்டது. அப்போது எட்டுப் பேரைத் திணித்துக்கொண்டு வந்த ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்து, சாவகாசமாக அவர்களைத் தாண்டிப் போயிற்று.

"எழுவதுல போறவங்கள ஷேர் ஆட்டோ முந்துதா?" எழில் சிரித்தான். ரேவதி சிரிக்கவில்லை. குபேரலிங்கத்தில் மீட்டரைப் பார்த்தாள். ஈசானியத்தில் மறுபடி பார்த்தாள். கால்கள் பதினோர் ஆண்டு அளந்து வைத்த தூரத்தை இந்தப் பெட்டி மிகையாகச் சொல்லிக்கொண்டே வந்தது. ஷெட் வாசலில் நிறுத்தியபோது 31,566.

"இருபதா?" என்றான் எழில். "மலை வளந்துடுச்சாக்கா?"

ஏழு இருபது நூற்று நாற்பது. ரேவதி கதவைத் திறந்து இறங்கினாள்.

தௌஹீத் கையில் கைபேசியோடு நின்றிருந்தார். குழுவில் வந்த செய்தியை யாரோ அனுப்பிக் காட்டிவிட்டார்கள்.

"எழுதி வச்சிக்கச் சொன்னது நல்லதுதான்க்கா" என்றார். "நானும் எழுதி வச்சிருக்கணும்."

"ஒரு சுத்து இருபது காட்டுது, பாய்."

அவர் முகத்திலிருந்த கோபம் பாதியில் நின்றது. வண்டிக்கு அடியில் நுழைந்தார். சற்றுநேரத்தில் விரல்நுனி அளவுள்ள ஒரு பல்சக்கரத்தோடு வெளியே வந்தார்.

"மீட்டர் ஒயரு இதுலதான் மாட்டியிருக்கு. பிக்கப் வண்டியோட பல்லு. அதுக்கு சரி, இதுக்கு ஆவாது, தூரத்த ஜாஸ்தியா காட்டும். மாத்தாம வுட்டது என் தப்பு. ஒருதபா மீட்டர பாத்திருந்தாகூட அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

ரேவதி தன் கைபேசியை எடுத்தாள். எழிலின் செய்தியை முப்பத்திரண்டு பேர் படித்திருந்தார்கள். 'எனக்கும் அப்பவே டவுட்டு' என்று ஒருவர் அதன்கீழே எழுதியுமிருந்தார். அவள் நின்ற இடத்திலேயே எழுதினாள்: 'தௌஹீத் பாய் ஏழு சுற்றுதான் ஓட்டினார். மீட்டர் பிழை. விசாரிக்காமல் பழி சொல்லச் சொன்னது நான். ரேவதி.' அதை அவரிடம் காட்டிவிட்டு அனுப்பினாள்.

"சரியான பல்லு வர நாலு நாளாவும்" என்றார் தௌஹீத். "அப்போ எட்டு சுத்துக்கும் ஜாஸ்தியா ஓடின நாப்பத்தெட்டையும் மீட்டர்ல திருப்பி வச்சிடட்டாக்கா?"

"வேணாம் பாய். அது இருக்கட்டும். அந்த நாப்பத்தெட்டு சந்தேகத்துல நான் போன தூரம்."

தௌஹீத் பல்சக்கரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழிலைப் பார்த்தார்.

"அவ்ளோ தூரம் தனியாவாக்கா போனீங்க?"