முடிந்தது வெளியே

அலமாரியின் உச்சியிலிருந்து ஒரு தடித்த நாவல் அப்பாவின் கால் கட்டைவிரல்மேல் விழுந்த அன்றே, வீட்டுப் புத்தகங்களின் தலையெழுத்து அம்மாவின் கைக்குப் போய்விட்டது.

அம்மா மருந்துக்கடை நடத்துகிறவள். வாரக் கடைசியில் தட்டுத் தட்டாக அலசி, தேதி தீர்ந்த மருந்துகளைப் பொறுக்கி வெளியே போடாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அதே கையோடு வீட்டுக்கும் சட்டம் போட்டாள். படித்து முடித்த புத்தகம் பழைய புத்தகக் கடைக்குப் போகும். முடிக்காதது இருந்துவிட்டுப் போகட்டும்.

புத்தகங்கள் மொத்தமும் மகளுடையவை. தரையில் கால் பாவாமல் நடக்கிறாள் என்று அப்பா அவளுக்கு வைத்த பெயர் மிதப்பு. பல் டாக்டரிடம் வரவேற்பறையில் வேலை. சம்பளத்தில் பாதி, எங்கெங்கோ எழுதப்பட்டுத் தமிழுக்கு வந்து சேர்ந்த நாவல்களுக்குப் போனது. அவற்றை அவள் அடுக்கியிருந்த அழகே தனி. பனி கொட்டும் கதைகள் ஜன்னலோரம். கடல் கதைகள் குளியலறைச் சுவரை ஒட்டி. பாலைவனத்தில் நடப்பவை இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில். மலையேறுகிறவர்களுக்கு உச்சித் தட்டு. அப்பாவின் விரலைப் பதம் பார்த்தவர் அங்கிருந்து இறங்கியவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா மருந்து வந்த காலி அட்டைப்பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ஒன்றைக்கூட விட மிதப்புக்கு மனமில்லை. ஆனால் முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டாள்.

"நான் எதையுமே முடிக்கலையேம்மா."

அம்மா நம்பவில்லை. ஜன்னலோரம் ஒன்று, குளியலறைப் பக்கம் ஒன்று என்று உருவிப் பார்த்தாள். எதை எடுத்தாலும் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் ஓர் அடையாளம்: பஸ் டிக்கெட், பிஸ்கட் உறை, பல் டாக்டரின் விசிட்டிங் கார்டு. மிதப்பு விளக்கம் சொன்னாள். கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டால் கதையில் இருக்கிறவர்கள் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுகிறார்களாம். அதனால் படிப்பதில்லையாம்.

கட்டுப்போட்ட காலை முக்காலிமேல் நீட்டியிருந்த அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உன் சட்டப்படி பார்த்தால் ஒன்றுகூட வெளியே போகாது போலிருக்கிறதே என்று அம்மாவைச் சீண்டினார்.

சட்டத்தைப் போட்டவளுக்கு அதில் ஓட்டை அடைக்கவும் தெரியும். அம்மா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"நீ முடிக்கலன்னா என்னடி, நான் முடிச்சு வைக்கறேன். கடைசிப் பக்கத்த சத்தமா படிப்பேன். உன் காதுல விழுந்துச்சுன்னா கணக்கு தீந்துச்சு. பெட்டிக்குள்ள போட்டுருவேன்."

மிதப்பு கெஞ்சினாள். காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தாள். அம்மா அசையவில்லை. கடைசியில், எதிலிருந்து ஆரம்பிப்பது என்பதையாவது நான் சொல்கிறேன் என்று மன்றாடி, ஜன்னலோரத்திலிருந்து ஒரு நாவலை எடுத்து வந்தாள். அதைத் தருவதற்கு மனசே வராதவள் போல நெஞ்சோடு அணைத்து, பிறகு நீட்டினாள்.

அம்மா கடைசிப் பக்கத்தைத் திறந்து, மருந்துச் சீட்டு வாசிக்கும் குரலில் வாசித்தாள். பனியில் ஒரு ரயில் நிலையம். ரயில் போய்விட்டது. வீட்டுக்கார அம்மாள் ஒருத்தி நடைமேடையில் தனியாக நிற்கிறாள், கையில் ஓர் ஆணின் ஒற்றைக் கையுறை. அதைத் தண்டவாளத்தில் போடப் போனவள், போடாமல் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினாள். முற்றும்.

புத்தகம் பெட்டிக்குள் விழும் சத்தத்துக்காக மிதப்பு கண்ணை மூடிக் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை.

"இன்னொரு கையுறை எங்கடி?" என்றாள் அம்மா.

"எனக்கெப்படிம்மா தெரியும்? நான்தான் முடிக்கலையே."

கடையில் பத்து மாத்திரை அட்டையில் ஒன்று குறைந்தால், அது எங்கே போனது என்று தெரியும்வரை வேலையாளை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறவள் அம்மா. பக்கத்தைப் பின்னால் புரட்டினாள். இன்னும் கொஞ்சம் பின்னால். அந்த ஆள் வீட்டில் குடியிருந்தவனா, புருஷனா என்று விசாரித்தாள். மிதப்பு உதட்டைப் பிதுக்கினாள். கொஞ்ச நேரத்தில் அம்மா சுவரில் சாய்ந்து முதல் பக்கத்திலிருந்து தொடங்கிவிட்டாள். மதியம் சமையலை அப்பா நொண்டிக்கொண்டே பார்த்துக்கொண்டார். அட்டைப்பெட்டியில் வெங்காயம் கொட்டப்பட்டது.

அடுத்து வந்த நாள்களில் நாவல் கடைக்கும் வீட்டுக்கும் போய்வந்தது. இருமல் மருந்து கேட்டு வந்தவர்கள் இரண்டு தடவை இருமிக் காட்டவேண்டியிருந்ததாக அப்பா செய்தி கொண்டுவந்தார். அவர் ஒருநாள் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அத்தன புத்தகத்துல அத எதுக்கும்மா எடுத்துக் குடுத்த? உண்மையச் சொல்லு, நீ அத முடிச்சுட்டதானே?"

மிதப்பு சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டு தடவப்பா. எனக்கும் மொதல்ல கையுறைதான் தூக்கத்தக் கெடுத்துச்சு."

அந்த வாரக் கடைசியில் அம்மா நாவலைக் கொண்டுவந்து ஜன்னலோரம், பழைய இடத்திலேயே செருகினாள். காலி மாத்திரை அட்டை ஒன்று அதிலிருந்து எட்டிப் பார்த்தது. அழுத முகத்தை அலம்பியிருந்தாள். மூக்கு மட்டும் சிவப்பாக இருந்தது.

"முடிச்சாச்சா?" என்றார் அப்பா, முகத்தில் ஒன்றும் காட்டாமல். "பெட்டிய எடுத்துட்டு வரவா?"

"யாரு முடிச்சா? கடைசிப் பக்கம் அன்னிக்கே படிச்சாச்சு. அதுக்கு முந்தின பக்கம் இன்னும் பாக்கி இருக்கு."

சொல்லிவிட்டு அம்மா குளியலறைச் சுவர்ப் பக்கம் போனாள். கடல் கதைகளில் கைக்கு வந்த ஒன்றை உருவி, கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். மிதப்பு ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டாள். அதை அவள் உண்மையிலேயே முடித்திருக்கவில்லை.