மிஸ்டர் தம்பி

தனலெட்சுமி அழவில்லை என்பதுதான் குயின் ஸ்ட்ரீட் முழுக்கப் பேச்சு. புருஷன் போய் நாலு மாதமாகிறது. கருமாதி அன்றுகூடக் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "பி.ஏ. படிச்ச நெஞ்சு, கல்லாத்தானே இருக்கும்" என்று அவள் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் மூடப் பார்க்கவும் இல்லை. காலையில் எழுந்தாள், நாத்தனார் நல்லம்மாள் எடுத்து வைத்ததைப் பசியாறினாள், வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். சோற்றில் ருசி இல்லை, தூக்கத்தில் சுகம் இல்லை. ஆனால் எதுவும் வலிக்கவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவள் போனது படிக்க. மதராஸில் பி.ஏ. முடித்துவிட்டு வந்து பினாங்கில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். பேச்சு வராதவர்களுக்குப் பேச்சு வரவைக்க லண்டனில் ஒரு படிப்பு இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வந்த மிஸ் ஹார்கோர்ட் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஓர் அறையைக் கேட்டு வாங்கி, பட்டம் பெற்ற பெண் ஒருத்தியைத் தேடியபோது தனலெட்சுமி அகப்பட்டாள். இரண்டு வருஷம். தொண்டையிலும் நாக்கிலும் இருக்கிற ஒவ்வொரு தசைக்கும் வாயில் நுழையாத பெயர். மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, சுடர் அணையாமல் அசையும்படி ஊதச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து நாக்கை நீட்டி மடக்க வேண்டும்.

"வாயுள்ள புள்ள பொழைக்கும்னு கேட்டிருக்கேன். வாயில்லாததுக்கு வாத்தியாரம்மாவா?" என்று நல்லம்மாள் சிரித்தாள். "போய்ப் படி, அவ கெடக்கா" என்று சேர்த்துவிட்டவர் தனலெட்சுமியின் வீட்டுக்காரர்தான்.

இனி மிச்சம் ஒரே ஒரு பரீட்சை. ஒரு நோயாளிக்கு அவள் பேச்சுப் பயிற்சி கொடுப்பதை ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் துரை பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். திருப்தியானால் கையெழுத்துப் போடுவார், லண்டனிலிருந்து சான்றிதழ் வரும். இல்லையென்றால் இரண்டு வருஷப் படிப்பும் கடலில் கரைத்த பெருங்காயம்.

நோயாளி டத்தோ கிராமட் ரோட்டுக்காரன், திக்குவாய். ஆங்கிலம் ஏழாவது வரை படித்தவன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குப் போனபோது அங்கே முதலில் கேட்ட கேள்வி, பேர் என்ன? உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. கழுத்து நரம்பு புடைத்தது, கண் பிதுங்கியது, பேர் வரவில்லை. "சொந்தப் பேரே தெரியாதவனுக்குக் கிராணி உத்தியோகமா?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். துறைமுக வேலைக்கு உடல்தகுதி எழுதிக்கொடுப்பவரும் இதே டாக்டர் துரைதான். ஆகவே அந்த ஒரு பரீட்சையில் அவன் பிழைப்பும் இருந்தது.

அவன் பேர் பழனியப்பன்.

வினை அங்கேதான் இருந்தது. தனலெட்சுமியின் வீட்டுக்காரர் பேரும் அதுதான்.

புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது என்பது நம்மில் எழுதாத சட்டம். பி.ஏ. படித்தாலும் சட்டம் சட்டம்தான். காகிதத்தில் எழுதுவாள், வாயால் சொல்ல மாட்டாள். கூப்பிட "ஏங்க" போதும், அதட்ட "இந்தாங்க" போதும். தண்ணீர்மலைக் கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பேர் கேட்டால் நல்லம்மாளின் முழங்கையை இடிப்பாள். முருகன் ஊரைக்கூட 'ஆண்டி மலை' என்றுதான் சொல்வாள். புருஷன் செத்தால் சட்டம் தளருமா என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆகவே அவனை முதல் நாளிலிருந்தே 'தம்பி' என்று கூப்பிட்டாள். பக்கத்தில் இருந்த மிஸ் ஹார்கோர்ட் அதுதான் பேர் என்று நினைத்துவிட்டார். "குட் மார்னிங், மிஸ்டர் தம்பி!" பாவம், அவன் என்ன செய்வான்? திருத்த வேண்டுமானால் பேரைச் சொல்ல வேண்டும். அதுதானே அவனுக்கு வராதது! பேசாமல் மிஸ்டர் தம்பியாகவே இருந்துவிட்டான்.

திக்குகிறவனோடு சேர்ந்தே நாமும் சொன்னால் அவனுக்குத் திக்காது. இரண்டு குரலும் ஒன்றாகப் போகும். கொஞ்சம் கொஞ்சமாக நம் குரலைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் அவனைத் தனியே விட்டுவிட வேண்டும். அந்த வித்தையில் தனலெட்சுமி கெட்டிக்காரி. பலகை, பட்டாணி, பணியாரம், பாசார், பினாங்கு என்று உதடு ஒட்டுகிற வார்த்தை ஒவ்வொன்றையும் அவன் வாயிலிருந்து பிரித்தெடுத்தாள். ஒன்றை மட்டும் தொடவில்லை.

"டீச்சர், எ... என் பேர எப்ப சொல்லிக் குடுப்பீங்க?"

"அடுத்த வாரம், தம்பி."

"அடுத்த வாரம், அடுத்த வாரம்னு போவுதுலா டீச்சர்."

தான் செய்வது தப்பு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பயமோ வெட்கமோ ஒன்றும் வரவில்லை. அதுவும் மரத்துத்தான் இருந்தது.

பரீட்சை அன்று எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. "இவர்தான் மிஸ்டர் தம்பி" என்று மிஸ் ஹார்கோர்ட் பெருமையாக அறிமுகப்படுத்தினார். அவன் செய்தித்தாளில் ஒரு பத்தியை அவளோடு சேர்ந்து வாசித்தான், பிறகு தனியாகவும் வாசித்தான். இரண்டு இடத்தில்தான் திக்கினான். டாக்டர் தலையாட்டிக்கொண்டே துறைமுகத்துக் காகிதத்தை எடுத்தார், புருவத்தைச் சுருக்கினார்.

"இதில் வேறு பேர் இருக்கிறதே. உங்கள் பேர் என்ன?"

உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. அறையில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

மிஸ் ஹார்கோர்ட்டின் முகம் சிவந்துவிட்டது. "தனா, இவர் பேர் தம்பி இல்லையா?"

"இல்லை மிஸ். தம்பி என்றால் இளைய சகோதரன்."

"அப்படியென்றால் பேர் என்ன?"

தனலெட்சுமி வாய் திறக்கவில்லை. டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தனை மாதம் பயிற்சி. நோயாளிக்கும் பேர் வரவில்லை, டீச்சருக்கும் வரவில்லை. நான் எதற்குக் கையெழுத்துப் போட?" பேனாவை மூடினார்.

பழனியப்பன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இப்படித்தான் முடியும் என்று முதலிலேயே தெரிந்தவன் மாதிரி பார்த்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இதே ஆஸ்பத்திரியில்தான், மாடி வார்டில், அவள் வீட்டுக்காரர் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். "பேரைச் சொல்லிச் சத்தமாக் கூப்புடும்மா, திரும்பிப் பார்ப்பாரு" என்று வார்டு நர்ஸ் மிஸி சொன்னாள். தனலெட்சுமி "ஏங்க, ஏங்க" என்றாள். வார்டு நிறைய ஆண்கள் படுத்திருந்தார்கள். அத்தனை பேர் பெண்டாட்டிக்கும் அவரவர் புருஷன் 'ஏங்க'தான். அவர் திரும்பவில்லை.

"ஒரு நிமிஷம், டாக்டர்" என்றாள் தனலெட்சுமி. நாற்காலியை இழுத்து அவன் எதிரே போட்டாள். "என் வாயைப் பாருங்க. நான் கூடவே சொல்றேன்."

உதட்டைச் சேர்த்தாள். ஒட்டிக்கொண்டது. காற்று நெஞ்சில் முட்டி நின்றது, காது அடைத்தது. இத்தனை தசைகளின் பேரை மனப்பாடம் செய்தவளுக்கு ஒன்றும் உதவவில்லை. அவன் பொறுமையாகக் காத்திருந்தான்.

"ப... பழனியப்பன்."

கிசுகிசுப்பாகத்தான் வந்தது. இன்னொரு தடவை சொன்னாள். அவனும் சேர்ந்துகொண்டான். மூன்றாவது தடவை பாதியில் தன் குரலை நிறுத்தினாள். மீதியை அவன் முடித்தான். அதற்கப்புறம் தனியாகவே சொன்னான்.

டாக்டர் மசியவில்லை. "பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் கிளியும் சொல்லும். இவர் வெளியே போய்க் கடைசியில் நிற்கட்டும். துறைமுகத்தில் கூப்பிடுவது போலப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். இவரே வந்து சொல்லட்டும்."

அவன் நீண்ட வராந்தாவின் கோடியில், மாடிப்படிக்குப் பக்கத்தில் போய் நின்றான். தனலெட்சுமி வாசலில் நின்று கூப்பிட்டாள். அவனுக்குக் கேட்கவில்லை.

"சத்தமாக" என்றார் டாக்டர்.

தொண்டையைத் திறந்து, இருக்கிற மூச்செல்லாம் கூட்டிக் கூப்பிட்டாள். "பழனியப்பன்!"

வராந்தாவில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. "தோ வந்துட்டேன் டீச்சர்!" என்று குரல் வந்தது. ஓட்டமும் நடையுமாக வந்தான், டாக்டருக்கு நேரே நின்றான். "என் பேர் பழனியப்பன், துவான்" என்று மலாய் மரியாதையோடு சொன்னான். ஓர் இடத்திலும் திக்கவில்லை.

டாக்டர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்து இரண்டு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார். மிஸ் ஹார்கோர்ட் கைதட்டினார். தனலெட்சுமி மட்டும் வாசலை விட்டு அசையவில்லை. காலியான வராந்தாக் கோடியையும் மாடிப்படியையும் பார்த்துக்கொண்டே நின்றாள். மிஸி சொன்னது சரிதான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஆள் திரும்பிப் பார்க்கிறது, எழுந்து ஓடி வருகிறது. அவள் கூப்பிட்டாள், இவன் வந்தான். இதற்கப்புறம் அந்தப் படியில் இறங்கி வர யாரும் இல்லை.

அடிவயிற்றிலிருந்து ஒரு கேவல் கிளம்பியது. நிலைக்கால்தான் கைக்கு அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு, ஊரே கேட்கும்படி அழுதாள். "பாஸ் ஆனதற்கா இப்படி?" என்று மிஸ் ஹார்கோர்ட் அவள் தோளைத் தட்டினார்.

பழனியப்பன் பயந்துபோய்ப் பக்கத்தில் குந்தினான். "டீச்சர், நான் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னீங்க" என்றாள் தனலெட்சுமி. "நான்தான் நாலு மாசம் பிந்திக் கூப்பிட்டுட்டேன்."