லேடீஸ் ஃப்ரேம்

ரிட்டயர் ஆன மறு வாரமே சின்னப்பராஜ் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையைத் திறந்து தன் பழைய சைக்கிளை வெளியே இழுத்தார். ஒரகடத்தில் கார் சீட் செய்கிற கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை. கம்பெனி பஸ் மண்ணூருக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். அதனால் சைக்கிளுக்கு வேலை இல்லாமல் போய், அதன் மேல் சாக்கு, சாக்கின் மேல் விறகு, விறகின் மேல் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி என்று ஏறிவிட்டிருந்தது.

கறுப்பு சைக்கிள். உயரமான இருபத்திநாலு இஞ்ச் ஃப்ரேம், கம்பி பிரேக், முழு செயின் கவர். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வாங்கியது. அன்னபுஷ்பத்தை சுங்குவார்சத்திரத்தில் இருந்த அவள் அம்மா வீட்டில் இருந்து அவர் கூட்டிவந்ததெல்லாம் இதில்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு, ஸ்ரீபெரும்புதூர் சந்தைக்கு, மாதா கோயில் தேருக்கு, எங்கே போனாலும் டபுள்ஸ்தான். அப்போது ரோட்டில் இவ்வளவு லாரி கிடையாது. காற்றில் ஈர மண் வாசனை வரும். முதுகுக்குப் பின்னால் அவள் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே வரும். பஸ்ஸில் உட்கார்ந்து போன வருஷங்களில் சின்னப்பராஜ் அந்தச் சத்தத்தைப் பல தடவை நினைத்துக்கொண்டது உண்டு. ரிட்டயர் ஆனதும் முதல் வேலையாக இதைச் சரிபண்ணி அவளைப் பின்னால் உட்கார வைத்து ஒரு சுற்றுப் போக வேண்டும் என்று மனசுக்குள் வைத்திருந்தார். பெண் சில்வியாவும் கல்யாணமாகி ஆவடிக்குப் போய்விட்டாள். இனி இவர்கள் இருவர்தானே.

ஸ்ரீபெரும்புதூரில் புருஷோத்தமன் கடையில் சைக்கிளைக் கொண்டுபோய் விட்டார். புருஷோத்தமன் பேட்டரி வண்டியும் பார்ப்பான், பழைய சைக்கிளும் பார்ப்பான்.

"புது மாடல் சீட்டு போட்டுர்லாமாண்ணே? ஜெல்லு சீட்டு வந்துகீது," என்றான்.

"வேணாம் புருஷோத்தமா. முன்ன இருந்தா மாதிரியே இருக்கணும். தோல் சீட்டு, அடியில பெரிய ஸ்பிரிங்கு."

அப்படியே எல்லாம் தேடிப் பிடித்தார்கள். டைனமோவும் உருண்டை லைட்டும் ஒரு பழைய ஸ்டோர்காரர் பரணில் இருந்து வந்தன. சக்கரத்தில் பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, ஸ்போக்ஸ் இழுத்து, கோணல் எடுத்தார்கள். பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டபோது அது நிற்கிற வழியாக இல்லை. சின்னப்பராஜ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியாக கேரியருக்கு ஒரு தடித்த ரெக்சின் குஷன் வாங்கி மாட்டினார். அதுதான் அன்னபுஷ்பத்துக்கு அவர் யோசித்து வாங்கியது.

வீட்டு வாசலில் பெல்லை அடித்தார். அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"எப்டி கீது?"

"அய்யோ, புதுசாட்டம் ஆக்கிட்டீங்களே." மட்கார்டைத் தடவினாள். செயின் கவரைத் தட்டிப் பார்த்தாள். அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம் என்று தெரிந்தது.

"ஏறு. கோயில் வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்."

அவள் குஷனைக் கையால் அமுக்கிப் பார்த்தாள். ஏறவில்லை.

"நான் வரலீங்க."

"ஏன், முட்டி வலியா?"

"முட்டி நல்லாத்தான் கீது. கேரியர்ல உக்கார எனக்கு இஷ்டமில்ல. அப்பவும் இருந்ததில்ல."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை.

"ஒரு பக்கமா காலைத் தொங்கப் போட்டுகினு, ஒரு கையில புடவைய இறுக்கிகினு, இன்னொரு கையில உங்க சீட்டு ஸ்பிரிங்கைப் புடிச்சிகினு வருவேன். பள்ளத்துல விட்டீங்கன்னா ஸ்பிரிங்கு இறங்கி விரலை நசுக்கும். கேரியர் கம்பி பதிஞ்ச இடம் ரெண்டு நாளைக்குக் கன்னிப்போய் இருக்கும்."

"சந்தோசமாதான வந்த?"

"உங்க கூட வர்றது சந்தோசம்தான். அப்டி உக்காந்து வர்றதுதான் இல்ல."

சின்னப்பராஜ் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஓட்டத் தெரியும், ஞாபகம் கீதா? அண்ணன் கூட வாடகை சைக்கிள் எடுத்துத்தான் கத்துகினேன். நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு நாள் இத எடுத்துக் காலைப் பாருக்கு அடியில விட்டு அரைப்பெடல் போட்டேன். நீங்க ஓடி வந்து புடிச்சிகினீங்க. 'நான் இருக்கேன்ல, எங்க போணும்னு சொல்லு'ன்னீங்க. அதோட விட்டுட்டேன்."

அந்த நாள் அவருக்குக் கொஞ்சமும் ஞாபகம் இல்லை. அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் சொல்லியிருப்பார்.

அன்று சாப்பாட்டின்போதும் அவருக்கு அதே நினைப்புதான். அத்தனை வருஷமாகத் தனக்கென்று பத்திரமாக வைத்திருந்த ஒன்றை அவள் சாதாரணமாகத் திருப்பிக் காட்டிவிட்டது போல இருந்தது. வளையல் சத்தம் கூட, அவள் ஸ்பிரிங்கைப் பிடித்துத் தொங்கியதில் வந்த சத்தம்தானோ என்று தோன்றியது.

மறுநாள் காலை அன்னபுஷ்பம் வேலைக்குக் கிளம்பினாள். மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு கம்பெனி கேன்டீனில் அவளுக்குக் காய் நறுக்குகிற வேலை. அவருடைய பஸ் எப்போதும் அவளுக்கு முன்னால் வந்துவிடும், ரிட்டயர் ஆன பிறகோ காலையிலேயே சைக்கிள் சாமான் தேடிக் கிளம்பிவிடுவார் என்பதால் அவள் போவதை அவர் பார்த்ததே இல்லை. இன்று வாசலில் நின்று பார்த்தார். அவள் ரோட்டோரமாகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். டிப்பர் லாரி ஒன்று கடந்தபோது நின்று, முந்தானையால் மூக்கை மூடி, புழுதி அடங்கினதும் மறுபடி நடந்தாள். அவ்வளவு தூரத்தையும் அவள் தினமும் இப்படித்தான் நடக்கிறாள்.

சாயந்திரம் அவள் வந்ததும், "நாளைக்கு லீவு சொல்லிடு. ஸ்ரீபெரும்புதூர் போவலாம். உனக்கு ஒரு சைக்கிள் பாக்கலாம்," என்றார்.

ஷோரூமில் இருந்த லேசான சைக்கிள் ஒன்றில் அவள் ஏறிப் பார்த்தாள். ஹேண்டில்பார் தாழ்ந்து முன்னால் இருந்தது. "குனிஞ்சி மாவாட்டுற மாதிரி கீது," என்று இறங்கிவிட்டாள். "நம்ம சைக்கிள் மாதிரி வேணுங்க. நிமிந்து உக்காரணும். மெத்துனு போவும் அது. பின்னாடி உக்காந்தே எனக்குத் தெரியும்."

கறுப்பு சைக்கிளோடு புருஷோத்தமனிடம் போனார்கள். அவன் அவளையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சீட்டை அடியோட இறக்கினாலும் அண்ணிக்குக் கால் எட்டாதுண்ணே. நடுவுல பார் வேற. லேடீஸ் ஃப்ரேம் ஒண்ணு கெடச்சா, உங்க சாமானெல்லாம் கழட்டி அதுல மாட்டிடலாம். பாத்து எடுங்க, சின்னச் சக்கரத்துக்குப் போட்ட ஃப்ரேம்தான் நெறைய கீது. உங்க சக்கரம் அதுல போவாது."

கழட்டி என்ற வார்த்தை சின்னப்பராஜுக்கு ஒரு மாதிரி இருந்தது.

அளவு தப்பக்கூடாது என்று முன் சக்கரத்தையே கழற்றி எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனார்கள். மடியில் சக்கரம் வைத்திருந்த அன்னபுஷ்பத்தை ஷிப்டு முடிந்து வந்த பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு காயலான் கடையில் கிடைக்கவில்லை. வல்லக்கோட்டை போகிற ரோட்டில், ஆறுமுகநயினார் என்ற தென்காசிக்காரர் கடையில், இரும்புக் கட்டிலுக்கும் கிரைண்டருக்கும் அடியில் பச்சை நிறத்தில் ஒன்று தெரிந்தது. அன்னபுஷ்பம்தான் பார்த்தாள்.

"அதுவாம்மா? ஒரு டீச்சர் ஓட்டுனது. இழுத்துப் பாத்துக்கிடுங்க," என்றார் ஆறுமுகநயினார்.

பார் இல்லை. இரண்டு குழாயும் அழகாக வளைந்து கீழே இறங்கின. துரு மேலோடுதான். சின்னப்பராஜ் ஒரு கண்ணை மூடி ஃபோர்க் நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சக்கரத்தை உள்ளே விட்டார். இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி விட்டு அது போய் உட்கார்ந்தது.

புருஷோத்தமன் கடையில் பிரிக்கிற வேலை தொடங்கியது. முதல் போல்ட்டைச் சின்னப்பராஜே கழற்றினார். ஹேண்டில்பார் வந்தது, மட்கார்டு வந்தது, செயின் கவர் வந்தது. கறுப்பு ஃப்ரேம் மட்டும் எலும்பாகச் சுவரில் சாய்ந்து நின்றபோது அவர் ஸ்பேனரை வைத்துவிட்டு எதிர் டீக்கடைக்குப் போய்விட்டார்.

அன்னபுஷ்பம் பின்னாலேயே வந்தாள். "மனசு இல்லன்னா விட்டுடலாங்க. நான் சொல்லணும்னு சொன்னேன், அவ்ளோதான்."

"இல்ல. மாட்டட்டும்."

"கஷ்டமா கீதா?"

"கீது," என்றார். "பரவால்ல. டீ குடி."

திரும்பி வந்தபோது பின் பிரேக் கம்பி தகராறு செய்துகொண்டிருந்தது. கறுப்பு சைக்கிளின் கம்பி இந்த ஃப்ரேமுக்கு நீளம். பச்சை ஃப்ரேமோடு வந்த வளைந்த கம்பியையே தட்டி நேராக்கிப் போட வேண்டியதாயிற்று. பிரேக் கட்டை ரிம்மில் இரண்டு பக்கமும் சமமாகப் படுகிற வரை புருஷோத்தமன் திருகினான், தளர்த்தினான், மறுபடி திருகினான்.

சீட்டுக்கு வந்தார்கள். தோல் சீட்டை மாட்டினதும் அவள் ஏறி உட்கார்ந்து பார்த்துத் தலையை ஆட்டினாள். "நீளமா கீது. புடவை மாட்டும்."

சின்னப்பராஜ், "நல்ல தோல் புஷ்பம், போகப் போகப் பழகிடும்," என்றார்.

"ஊர்ல ஓடுற காருக்கெல்லாம் சீட்டு செஞ்சீங்க. எனக்கு எது உக்கார நல்லா கீதுன்னு நான்தான சொல்லணும்?"

புருஷோத்தமன் குனிந்து சிரிப்பை மறைத்தான். சின்னப்பராஜும் சிரித்துவிட்டார். அகலமான, மூக்கு குட்டையான லேடீஸ் சீட் ஒன்று வந்தது. சின்னப்பராஜ் சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, அவள் ஏறினாள்.

"இப்ப?"

"மூக்கு தூக்கினா மாதிரி கீது."

கொஞ்சம் தாழ்த்தினார்கள்.

"இப்ப?"

"கையில பாரம் விழுது."

ஹேண்டில்பாரை உயர்த்தினார்கள். அதை உயர்த்தினதும் முன் பிரேக் கம்பி இழுத்துக்கொண்டது. அதைத் தளர்த்தி விட்டார்கள். பிரேக் பிடி அவள் விரலுக்கு எட்டவில்லை. அதைக் கிட்டே கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு முறையும் சின்னப்பராஜ் அவள் முகத்தைப் பார்த்து, "இப்ப?" என்று கேட்டார். கம்பெனியில் எத்தனையோ சீட்டுக்கு அளவு பார்த்திருக்கிறார். உட்காருகிற ஆளிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்ததில்லை.

"இப்ப சரியா கீது," என்றாள் கடைசியில். கேரியர் வைக்கட்டுமா என்று புருஷோத்தமன் கேட்டான். "வை, அரிசி மூட்டை வைக்க ஆவும்," என்றாள்.

முதல் நாள் கோயில் மைதானத்தில் ஓட்டினாள். பின்னால் பிடிக்க வந்தவரை, "கிட்ட வராதீங்க," என்றாள். இரண்டு சுற்றுப் போனாள். மூன்றாவதில் மணலில் சறுக்கி விழுந்தாள். அவர் ஓடவில்லை. ஓடாமல் நிற்பது கஷ்டமாகத்தான் இருந்தது. அவள் எழுந்து, புடவையை உதறி, முழங்கையைப் பார்த்து, மறுபடி ஏறினாள். அடுத்த வாரம் கேன்டீனுக்கு அதிலேயே போனாள்.

கறுப்பு ஃப்ரேம் மாதக்கணக்கில் வெறுமனே கிடந்தது. சின்னப்பராஜ் அதைத் துடைத்து வைப்பார். பிறகு அங்கே ஒன்று இங்கே ஒன்றாகச் சாமான் சேர்த்தார். இந்த முறை முன்பு இருந்த மாதிரியே வேண்டும் என்று தேடவில்லை. கேபிள் பிரேக் போட்டார். அரை செயின் கவர் போட்டார். புருஷோத்தமன் சொன்ன ஜெல் சீட்டையே போட்டுக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் சுங்குவார்சத்திரம் பக்கம் கிளம்பினார்கள். அவள் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓட்டினாள். அவரும் வேகத்தைக் குறைத்து அவளுக்கு இணையாக வந்தார். கன்டெய்னர் அடுக்கி வைத்திருக்கிற ஒரு யார்டு வந்தது. அதன் காம்பவுண்டு ஓரம் அவள் பிரேக் பிடித்து இறங்கினாள்.

"இங்கதான் அந்தக் குட்டை இருந்துச்சு. அல்லிப்பூ நெறைய பூக்கும். அந்தாண்ட புளிய மரம். ஒவ்வொரு தடவ போம்போதும் இங்க நிப்பாட்டுங்கன்னு சொல்லுவேன்."

"நான் கேட்டதே இல்லயே."

"முதுகுக்குப் பின்னாடி இருந்து சொன்னா காத்துல உங்களுக்கு எங்க கேக்கும்?"

காம்பவுண்டுச் சுவரைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் சின்னப்பராஜ் தன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். குட்டை எதுவரைக்கும் இருந்தது, எந்த இடத்தில் பூ அதிகம் என்று கேட்டார். அவள் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தாள். அவரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.