பனியின் சாவைச் சொல்லப் போனவர்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு நோட்டீஸாகத்தான் பிறந்தது. எழுதியவன் நான். மாவட்ட அலுவலகத்தில் எனக்கு அதுதான் வேலை. 'புவி வெப்பமடைதலின் விளைவாகப் பனிப்பாறை உருகி, அதனடியில் உருவான ஏரி உடையும் அபாயம் உள்ளதால், ஆற்றோர வீடுகளைக் கோடைக்குள் காலி செய்யவும்.' எங்கள் கிர்கிஸ் மலைக்கிராமத்தில் எல்லோரும் மரியாதையாக வாங்கிக்கொண்டு, அதில் சூரியகாந்தி விதை பொட்டலம் கட்டினார்கள்.

(அந்த வாக்கியத்தைக் கேட்டு நானே எழுந்திருக்க மாட்டேன்.)

2

தொடக்கம் ஒன்று: மலையின் வெண்மை மெல்ல மெல்ல— சீ, காலண்டர் படம்.

தொடக்கம் இரண்டு: புருல்ச்சாவுக்குக் கோபம். இது சரி.

புருல்ச்சா ஊர்ப் பள்ளி ஆசிரியை. ஆற்றுக்கு மிக அருகில் இருப்பது அவள் அண்ணன் முகம்பெத்தின் வீடு. நோட்டீஸை மூன்று முறை வாசித்துக் காட்டினாள். மூன்று முறையும் அவர் கொட்டாவி விட்டார். சிறு வயதில் இருவரும் அந்தப் பனிப்பாறைவரை ஏறி, ஒரு கட்டியை உடைத்துக் கம்பளியில் சுற்றி எடுத்து வருவார்கள். வீடு சேரும்போது பாதிதான் மிஞ்சும். அதைப் பாலாடையில் போட்டுத் தின்பார்கள். அந்த ருசி அவளுக்கு இன்றும் நாக்கில் இருக்கிறது. இப்போது அங்கே கருங்கல்லும் கலங்கல் ஏரியும்தான்.

"அபாயம்னு எழுதினா யாருக்கு உறைக்கும்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். "பனி செத்துப்போச்சுன்னு சொல்லணும். சாவைச் சொல்ற முறையில போய்ச் சொல்லணும்."

3

எங்கள் பக்கம் சாவை நேராகச் சொல்வதில்லை. காலையில் பெரியவர்கள் கூட்டமாகப் போய் உட்கார்ந்து, சுற்றி வளைத்துப் பேசுவார்கள். வீட்டுக்காரர் தானாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அப்படித்தான் ஒன்பது பேர் முகம்பெத் வீட்டுக்குப் போனோம். யாரும் தேநீரைத் தொடவில்லை. இருப்பதிலேயே மூத்தவர் ஆரம்பித்தார்: நம்மோடு வளர்ந்தது, நம் கண் முன்னால் இருந்தது, இங்கே யார்தான் நிரந்தரம்—

முகம்பெத்தின் முகம் வெளிறிப்போனது. அவருடைய ஒரே மகன் எல்தியார் மாஸ்கோவில் கட்டட வேலை செய்கிறான். [இதை ஒன்பது பேரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. எங்களையெல்லாம் என்ன சொல்வது!]

"என் பையனா?" என்றார்.

"ஐயோ, இல்லண்ணே. பனி. நம்ம பனியைத்தான் சொல்றாங்க" என்றாள் புருல்ச்சா.

அவர் அழுதுகொண்டே சிரித்தார். அந்தச் சந்தோஷத்தில் ஓர் ஆட்டை அறுத்தார். மத்தியானம்வரை விருந்து. ஏரியைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. புருல்ச்சா மட்டும் ஒரு துண்டுகூடச் சாப்பிடவில்லை.

4

முடிவு அ: அவர் வீட்டைக் காலி செய்தார். (எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு ஆ: ஏரி உடைந்து— அடித்துவிட்டேன். புருல்ச்சா என் முகத்தில் விழிக்க மாட்டாள்.

நடந்தது இதுதான். கை கழுவியதும் முகம்பெத் எல்லோரும் கேட்கும்படி மகனுக்குப் போன் போட்டார்.

"டேய், உங்க அத்தை பண்ண கூத்தைக் கேளு. பனி செத்துப்போச்சுன்னு சொல்ல ஊரையே கூட்டிட்டு வந்துட்டா."

அந்தப் பக்கம் எல்தியாரின் குரல் கேட்டது.

"எந்தப் பனிப்பா? என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய்த் தொட வெச்சீங்களே, அதுவா?"

முகம்பெத் எங்களைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். போனில் பையன் அழுவது எல்லோருக்கும் கேட்டது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மகனிடம்—

இங்கே நிறுத்திவிட்டேன். என் வாக்கியத்தைக் கேட்டு இதுவரை யாரும் எழுந்ததில்லை. அந்தப் பையனுக்கு என்ன பதில் சொல்வதென்று நீங்களே எழுதுங்கள். கோடைக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது.