மூன்று நிமிடம் பேசிய ஸ்கங்க்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் என் எலுமிச்சை மரம் பட்டுப்போகட்டும். சான் அமாரோ நகரசபையில் வலது கையை உயர்த்திச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

கஞ்சா விற்பது சட்டப்படி செல்லும் என்று ஆனதும், எங்கள் ஊருக்கு ஒரே ஒரு கஞ்சாக் கடை போதும் என்று நகரசபை முடிவு செய்தது. அந்த ஒரு அனுமதி மார்வா ட்ரிஸ்கலுக்குக் கிடைத்தது. இருபத்தாறு வருடம் நடத்திய அழகு நிலையத்தை விற்றுவிட்டு இதில் இறங்கியவள். விதிப்படி பள்ளிக்கூடத்திலிருந்து அறுநூறு அடி தள்ளி இடம் பிடித்தாள். உள்ளே தெரியாத கண்ணாடி போட்டாள், மூலைக்கு மூலை கேமரா வைத்தாள், வயது பார்க்க வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தினாள். கடைசி விதிதான் விவகாரம்: கடை எல்லையைத் தாண்டி வாசனை வரக்கூடாது. கூரை முழுக்கக் கரி வடிகட்டிகளை அடுக்கினாள். இனி ஒரு புகார் நிரூபணமானால் அனுமதி ரத்து.

பத்தாம் நாளே புகார் வந்தது. கொடுத்தவர் மேயர் டெல்பர்ட் கானவே. கால் மைல் தள்ளியிருக்கும் நகரசபை மண்டபத்தில் கஞ்சா நாற்றம் குடலைப் புரட்டுகிறதாம்.

ஆய்வாளர் வெண்டல் மூக்கில் புனல் போன்ற ஒரு கருவியைப் பொருத்திக்கொண்டு கடையைச் சுற்றி வந்தார்.

“என்ன வெண்டல், யானை வேஷமா?” என்றாள் மார்வா.

“சிரிக்காத மார்வா. அரசாங்க மூக்கு இது.”

“சரி, என்ன சொல்லுது அரசாங்க மூக்கு?”

“ஒண்ணும் சொல்லல. நீ போட்டிருக்கிற சென்ட்டுகூடத் தெரியல.”

மேயர் விடவில்லை. பொது விசாரணை வைத்தார். யார் வேண்டுமானாலும் பேசலாம்; ஆளுக்கு மூன்று நிமிடம். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லப் பொதுமக்களில் ஒருவர் வேண்டும் என்றார்கள். நான் எழுந்தேன்.

“மேயரே, நாத்தம் உங்க நாற்காலிக்கு அடியிலேர்ந்துதான் வருது.”

“வார்த்தையை அளந்து பேசுய்யா!”

“உங்களைச் சொல்லல. மேடைப் பலகைக்குக் கீழ ஸ்கங்க் குடியிருக்கு, வாலைத் தூக்கி நாத்தத் தண்ணி பீச்சுமே, அந்த மிருகம். அதுக்கும் கஞ்சாவுக்கும் ஒரே நாத்தந்தானே.”

அதற்காகவே காத்திருந்ததுபோல் முதுகில் வெள்ளைப் பட்டை போட்ட அந்தப் பிராணி மேடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. நேராக நடந்து மைக் முன்னால் நின்றது. அங்கே யார் வந்து நின்றாலும் கடிகாரத்தை ஓட விட வேண்டும் என்பது விதி. குமாஸ்தா ஓட விட்டாள். பேச வந்தவரை இடையில் தடுக்கக்கூடாது என்பது இன்னொரு விதி. அதனால் யாரும் அசையவில்லை. இரண்டு நிமிடம் ஐம்பது நொடி வரை அது மௌனமாக இருந்தது. மீதிப் பத்து நொடியில் வாலைத் தூக்கித் தன் கருத்தைச் சொன்னது.

நகர வழக்கறிஞர் வெளியே புல்தரையில் கண்ணீர் வழிய விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “அனுமதியில்லாம இப்படி வாசனை பரப்புற கட்டடத்தை உடனே மூடணும். இருக்கிற ஒரு அனுமதியும் மார்வாகிட்ட இருக்கு.”

“அப்ப விசாரணையை எங்க முடிக்கிறது?” என்றார் மேயர்.

“வாசனை வராத இடம்னு நாம கையெழுத்துப் போட்ட கட்டடம் ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான்.”

மார்வாவின் கடை வாசலில் காவலாளி மேயரை நிறுத்தினான்.

“அடையாள அட்டை?”

“நான் மேயர்டா!”

“இருக்கட்டும் சார். இருபத்தொண்ணு ஆயிடுச்சா?”

எழுபத்தொரு வயது மேயர் காருக்குத் திரும்பிப் போய் அட்டையை எடுத்து வந்தார். கடையின் பின்னறையில் அட்டைப்பெட்டிகள்மேல் உட்கார்ந்து, என் சாட்சியத்தின் பேரில் புகாரை ஒருமனதாகத் தள்ளுபடி செய்தார்கள். அனுமதி மார்வாவிடமே நின்றது. ஊர் ஆவணத்தில் என் மூக்கைப் பாராட்டி ஒரு வரியும் ஏறியது.

1974இல் ஆரஞ்சுத் தோட்டத்து ஏணியிலிருந்து தலைகுப்புற விழுந்த நாள் முதல் எனக்கு எந்த வாசனையும் தெரியாது.