எஞ்சின் நெற்றியில் ஒரு பலகை

நாமக்கல்லில் பாடி கட்டிய லாரிக்கு நெற்றி உண்டு. முன்கண்ணாடிக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் பலகையில் பெயர் இருக்கும். வெள்ளியங்கிரியின் பட்டறையில் நாற்பது வருடமாக அங்கே அவருடைய அப்பா செல்லமுத்துவின் பெயர்தான்.

போன தை மாதம் அவர் மகனுக்கு, எதிர்ச்சாரிப் பட்டறை நாச்சிமுத்துவின் மகள் மைதிலியைக் கட்டிவைத்தார்கள். பெண்ணோடு பட்டறையும் வந்து சேர்ந்தது. இரண்டும் சேர்ந்த புதுக் கம்பெனிக்கு யார் பெயர் முன்னால் என்பது மட்டும் பேசி முடியவில்லை. அதனால் கம்பெனிக்கு வாசலில் பெயரே இல்லை.

அந்த நேரத்தில்தான் ராசிபுரம் சாலையில் ஓட்டல் கட்டும் அன்பரசு வந்தார். பழைய அமெரிக்க டீசல் ரயில் எஞ்சினின் முகப்பைத் தகரத்தில் செய்து தர வேண்டுமாம். உள்ளே உட்கார்ந்து பரோட்டா தின்பார்களாம். படத்தில் இருந்த எஞ்சின் நீண்ட மூக்கோடு, வழுவழுவென்று, காற்றுக்கு வழிவிட்டுக் குனிந்திருந்தது. காற்றுக்கே குனிகிற வண்டியை வெள்ளியங்கிரி அதுவரை பார்த்ததில்லை.

கம்ப்யூட்டரில் தேடிப் படித்த மைதிலி விளக்கினாள். “இந்த எஞ்சினை ஓட்டுனது ரெண்டு பெரிய ரயில் கம்பெனிங்க மாமா. நூறு வருசமா மொறைச்சுக்கிட்டு இருந்துட்டுக் கடைசீல சேந்துட்டாங்க. பழைய கலரை அழிச்சு எஞ்சினுக்கெல்லாம் கறுப்படிச்சாங்க. ரெண்டே வருசத்துல திவால்.”

“பாட்டன் பேரை அழிச்சா அப்படித்தான் ஆகும் சாமி” என்றார் வெள்ளியங்கிரி.

“சேந்தவங்க மேல பழி போடாம இருந்தாச் செரி” என்றார் நாச்சிமுத்து.

மூக்கின் வளைவு பிசகில்லாமல் வந்தது. அது நாச்சிமுத்துவின் ஆட்கள் செய்த வேலை. வெள்ளியங்கிரிக்கு அதை ஒப்புக்கொள்வதில் சிரமமில்லை. வாய்விட்டுச் சொல்வதில்தான் சிரமம். நாச்சிமுத்து ஒரு காதுகுத்துக்கு மோகனூர் போன அன்று, வெள்ளியங்கிரி எஞ்சினின் நெற்றியில் நாலடிப் பலகையைப் போல்ட் போட்டு முடுக்கினார். சிவப்பு எழுத்தில் செல்லமுத்து நிமிர்ந்து நின்றார்.

மறுநாள் அன்பரசு வந்து பார்த்தார். “ஏனுங்கய்யா, காத்தைக் கிழிச்சுட்டுப் போற எஞ்சினுக்கு நெத்தீல செவுரு கட்டி வெச்சிருக்கீங்க?”

“ஓட்டல் வாசல்ல நிக்கற எஞ்சினுக்கு எந்தக் காத்துங்க தம்பி? பரோட்டாக் கல்லுக் காத்தா?”

“பலகை இருந்தா வண்டியை நீங்களே வெச்சுக்குங்க” என்ற அன்பரசு, மைதிலியின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். “செரிங்க, ஓரமாச் சின்னதாக் கம்பெனி பேரு போட்டுக்குங்க. கம்பெனி பேரு என்னங்க?”

வெல்டிங் செய்துகொண்டிருந்தவன்கூட முகமூடியைத் தூக்கிப் பார்த்தான்.

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். “நாச்சிமுத்து, செல்லமுத்து. மூக்கை வளைச்சவன் பேரு முன்னால வாரதுதானுங்களே மொறை.”

அப்பாவின் பெயர் இன்னொருவர் முதுகுக்குப் பின்னால், மொபெட்டில் தொற்றிக்கொண்டு போகிற ஆள் மாதிரி. வெள்ளியங்கிரி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, நான்கு போல்ட்டையும் தானே கழற்றினார்.

“பாத்துங்க சம்பந்தி” என்று நாச்சிமுத்து கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். இணைந்த கம்பெனியில் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளியங்கிரி தன் மனைவி வசந்தாமணியிடம் விறைப்பாகச் சொன்னார். “நம்ம பேரை ரெண்டாவதா எழுத உடலை.”

“அப்ப மொதல்ல எழுதீட்டாங்களா?”

“எங்கயும் எழுதலை” என்றார் அவர், ஜெயித்தவர் குரலில்.