யெசேனியாவின் அம்மா முகத்தில் குங்குமம்

அக்கா, வேலுமணி அங்கிள் ஃபோன் பண்ணுவதற்குள் இதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டிவிடு. டைப் பண்ண நேரமில்லை, அதனால் பேசித்தான் அனுப்புகிறேன்.

அங்கிள் நம்ம உடுமலைக்காரர் என்பது மட்டும்தான் அப்பாவுக்குத் தெரியும். இங்கே அமெரிக்காவில் என் விசாவே அவருடைய கன்சல்டன்சி பெயரில்தான் இருக்கிறது. அவர் என்னை நிறுத்தினால் இரண்டு மாதத்துக்குள் வேறு கம்பெனி பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அதனால்தான் சான் ஹோசேயின் கிழக்குப் பக்கம் அவர் புதிதாக வாடகைக்கு எடுத்த மளிகைக் கடைக்கு, லீவு நாளில்கூடக் கூப்பிட்டவுடன் ஓடினேன்.

அந்தக் கடையின் பக்கச் சுவரில் யெசேனியா என்ற மெக்சிகோக்காரப் பெண் பெரிய படம் வரைந்துகொண்டிருந்தாள். செத்துப்போன அவளுடைய அம்மா. பழம் டின்னில் அடைக்கும் ஃபேக்டரியில் வேலை பார்த்தவராம். ஏப்ரன் கட்டி, நடைபாதையிலேயே உட்கார்ந்திருப்பது மாதிரி இருப்பார். மடி நிறைய ஆப்ரிகாட் பழம், சுற்றிலும் செண்டுமல்லி. முகத்தில் ஒரு பாதி உயிரோடு சிரிக்கும், மறுபாதி பூ வரைந்த மண்டை ஓடு. இறந்தவர்களை அவர்கள் அப்படித்தான் கொண்டாடுவார்களாம். அந்தத் தெருவில் அதுபோல நாலைந்து சுவர்கள் இருக்கின்றன. கட்டட ஓனரே அனுமதி கொடுத்திருந்ததால் அங்கிளால் தடுக்க முடியவில்லை.

"அரிசி பருப்பு வாங்க வர்றவன் மண்டை ஓட்டுல முழிச்சுட்டா உள்ள வரணும்?" என்று பொருமிக்கொண்டே இருப்பார். பிரஷ் கழுவ அவள் தண்ணீர் கேட்டபோது பைப்பை மூடச் சொன்னார். மூடியது நான்தான். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. உங்கள் ஆட்கள் வந்தாலே வாடகை ஏறும், நாங்கள் பெட்டி கட்ட வேண்டும் என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள்.

நேற்றுக் கடை திறப்பு. பூசணிக்காயைக் குடைந்து, குங்குமத்தை ஆரத்தித் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கற்பூரம் ஏற்றி என் கையில் கொடுத்தார் அங்கிள். வாசலில் சுற்றிவிட்டு நான் அங்கேயே உடைக்கப் போனேன். அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"அங்க இல்ல தம்பி. அந்தப் பொம்பளைக்கு முன்னால போடு. அதோட கண்ணுதான் பட்டுட்டே இருக்குது."

போட்டேன். சிவப்புத் தண்ணீர் தெறித்து அந்த அம்மாவின் சிரிக்கும் பாதியில் விழுந்து வழிந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரையும் சோப்பையும் எடுத்துவந்து தேய்த்தேன். படத்தைக் காப்பாற்றும் வார்னிஷ் பூச்சை அவள் இன்னும் அடிக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? குங்குமம் போகவில்லை, பெயிண்ட்தான் போனது. ஒரு கண் அப்படியே கரைந்து கன்னத்தில் இறங்கிவிட்டது.

பத்து மணிக்கு மேல் யெசேனியா வந்தாள். பார்த்தாள். கட்டட ஓனருக்கு ஃபோன் பண்ணினாள், அவரும் உடனே வந்துவிட்டார். அங்கிள் முந்திக்கொண்டு, இந்த ஏரியாப் பையன்கள்தான் பெயிண்ட் ஊற்றிவிட்டு ஓடினார்கள், போலீசைக் கூப்பிடலாம் என்று இங்கிலீஷில் அடித்துவிட்டார். பஸ் ஸ்டாப்பில் நின்ற இரண்டு பேரைக் கைகாட்டவும் செய்தார். அப்புறம் என் பக்கம் திரும்பித் தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"நீயும் பாத்தேன்னு சொல்லு கண்ணு. உன்ற பேப்பரெல்லாம் எங்கிட்டத்தான் இருக்குது, மறந்துராத."

ஓனர் போலீசைக் கூப்பிட ஃபோனைக் காதில் வைத்துவிட்டார். யெசேனியா என் கையைப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் சிவப்பு.

"நீ பாத்தியா?" என்று கேட்டாள்.

"நான்தான் உடைச்சேன். தேய்ச்சதும் நான்தான். போலீஸ் வேண்டாம்" என்றேன்.

பெயிண்ட் இல்லை, பூசணிக்காய், கண் திருஷ்டி கழிப்பதற்காக உடைப்போம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"யாரோட கண்ணு? எங்க அம்மாவோடதா?"

அங்கிள் ஓனரிடம், பையனுக்கு மனநிலை சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மறுபடி வரைந்து முடிக்கும்வரை கடை திறக்கக் கூடாது, சம்மதமில்லை என்றால் காலி பண்ணுங்கள் என்று ஓனர் சொல்லிவிட்டார்.

அங்கிள் என் கையிலிருந்த கடைச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "திங்கக்கிழமை ஆபீஸ் பக்கம் வந்துராத. உங்கொப்பன்கிட்ட நான் பேசிக்கறேன்."

அக்கா, அவர் ஃபோன் பண்ணினால் அப்பா உடனே மன்னிப்புக் கேட்பார், பையனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுவார். வேண்டாம் என்று சொல். கேட்க வேண்டிய இடத்தில் நானே கேட்டுவிட்டேன். சுவரைத் தொடாதே, தள்ளிப் போ என்றாள் யெசேனியா. அப்புறம் வேனில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.